செம்புப் பெரியவரும் அலுமினியப் பொடியனும்

1991 செப்டம்பரில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் எல்லைக்கல்லுக்குச் சண்டை போடும் ஆல்ப்ஸ் மலை உச்சியில், பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கிடந்தார். மலையேறப் போன ஒரு ஜெர்மன் தம்பதி பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். போலீஸ் வந்தது. ஏதோ சமீபத்தில் வழுக்கி விழுந்த கேஸ் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கேஸில் எஃப்.ஐ.ஆர். போட ஐயாயிரம் வருடம் தாமதமாகிவிட்டது என்று.

ஓட்ஸி என்று செல்லப் பெயர் வைத்து அவரை ஃப்ரீஸரில் படுக்கவைத்தார்கள். பத்து வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது தோளுக்குள் ஓர் அம்பு முனை தெரிந்தது. ஆக, கொலை. பக்கத்திலேயே அவருடைய கோடரி. அதன் தலை கிட்டத்தட்ட கலப்படமில்லாத செம்பு, 99 சதவீதத்துக்கு மேல். அன்றைக்கு அப்படி ஒரு கோடரி வைத்திருந்தவர் ஊரில் பெரிய ஆள். கொன்றவன் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு கீழே போனால் 'இது அவன் கோடரியாச்சே' என்று முதல் தெருவிலேயே மாட்டிக்கொள்வோம் என்று பயந்திருப்பான் என ஆய்வாளர்கள் சிலர் ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம். பிணத்தை மறைக்கலாம், செம்பை மறைக்க முடியாது.

செம்புப் பெரியவரின் செல்வாக்கு அப்படி. இனி இந்தக் கதையில் இன்னொருவர் வருவார். அவர் வர இன்னும் ஐயாயிரம் வருடம் ஆகும். அவர் பெயர் அலுமினியம். வேடிக்கை என்னவென்றால், பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை பார்த்தால் அலுமினியம் 8 சதவீதம்; உலோகங்களில் அதுதான் முதலிடம். செம்பு ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நாம் மிதிக்கிற களிமண்ணிலும் செம்மண்ணிலும் பொடியன் குடியிருக்கிறான். ஓட்ஸி தினமும் அவனை மிதித்துக்கொண்டுதான் வேட்டைக்குப் போனார். ஆனாலும் ஆட்சி பெரியவருடையது.

காரணம் தகுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செம்பு சில இடங்களில் உலோகமாகவே மண்ணில் கிடக்கும். இல்லாவிட்டாலும் அதன் தாதுவைக் கரி நெருப்பில் போட்டு ஊதினால் பெரிய வம்பு பண்ணாமல் இறங்கி வந்துவிடும். அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்த பிடி வேறு மாதிரி. கரியைக் கொட்டு, துருத்தியை ஊது, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள், விடாது. ஆக, சுலபமாகக் கையில் கிடைத்தவர் நாகரிகத்தைத் தொடங்கிவைத்த பெருமையை வாங்கிக்கொண்டார். அரசியலிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

பெரியவரின் ஆட்சியில் எல்லாம் நேர்மையாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மெசபடோமியாவில் ஊர் என்றே பெயர் கொண்ட ஊரில், கி.மு. 1750 வாக்கில், எயா-நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி இருந்தார். தில்முன் வரை, அதாவது இன்றைய பஹ்ரைன் பக்கம் வரை, போய்ச் செம்புக் கட்டி வாங்கிவந்து விற்கிற மொத்த வியாபாரம். அவரிடம் பணம் கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட வாடிக்கையாளர்களில் ஒருவர் பெயர் நன்னி. அவர் ஒரு களிமண் பலகையில் ஆணியடித்த மாதிரி எழுத்துகளில் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டி அனுப்பினார். அந்தப் பலகை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்று அதைக் கொண்டாடுகிறார்கள்.

சாராம்சம் இதுதான். தரமான கட்டி தருகிறேன் என்றாய். என் ஆள் வந்தபோது மட்டமான கட்டியை எடுத்து முன்னால் வைத்து, வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் நடையைக் கட்டு என்றிருக்கிறாய். என்னை என்னவென்று நினைத்தாய்? எதிரி நாட்டு வழியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த என் ஆளை வெறுங்கையோடு பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாய். இனிமேல் என் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கி எடுப்பேன். பிடிக்காததைத் திருப்பித் தருவேன்.

இதில் நான் ரசிப்பது நன்னியின் கோபத்தை இல்லை. தொல்லியலாளர் லியோனார்ட் வுல்லி அந்த ஊரைத் தோண்டியபோது, எயா-நாசிரின் வீடு என்று கருதப்படும் இடத்தில் இந்தப் புகாரோடு வேறு புகார்களும் கிடைத்தன. மனுஷன் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். குற்ற உணர்ச்சியா, கணக்குவழக்கா, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் படித்துச் சிரிக்கவா, தெரியாது. செம்பின் வரலாற்றில் எத்தனையோ மன்னர்கள் வருகிறார்கள். மூவாயிரத்து எழுநூறு வருடம் கழித்து இணையத்தில் மீம் போடப்படுகிற அளவுக்குப் புகழ் கிடைத்தது இந்த ஒரு டுபாக்கூர் பார்ட்டிக்குத்தான்.

நம் மன்னர்களும் செம்பை விட்டுவைக்கவில்லை. ஓலையைக் கரையான் தின்றுவிடும் என்பதால் நிலக்கொடையைச் செப்பேட்டில் வெட்டினார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைக் கொடுத்த செய்தி 21 ஏடுகளில், ஒரு பெரிய வளையத்தில் கோத்து, சுமார் 30 கிலோ எடையில் இருக்கிறது. ஒரு கிராமத்துப் பத்திரத்துக்கு 30 கிலோவா என்று கேட்கக் கூடாது. முதலில் சூரியனில் தொடங்கி வம்ச வரலாறு சொல்ல வேண்டும், சம்ஸ்கிருதத்தில். பிறகுதான் எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் எல்லை என்ற விஷயத்துக்கு வருவார்கள், தமிழில். கரையான் தின்னாது என்ற கணக்கு சரியாகத்தான் இருந்தது. டச்சுக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. லெய்டன் செப்பேடு என்று அதற்குப் பெயரே மாறிப்போனது.

முப்பது கிலோ பத்திரமாவது எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அதையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகச் சொன்னால்? 17-ஆம் நூற்றாண்டில் சுவீடன் தன் குடிமக்களை அப்படித்தான் நடத்தியது. அங்கே ஃபாலுன் சுரங்கத்தில் செம்பு கொட்டிக் கிடந்தது. ஐரோப்பாவின் செம்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போனது. வெள்ளிதான் பற்றாக்குறை. சரி, செம்பிலேயே காசு அடிப்போம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பொருளாதாரத்தில் ஒரு நாணயத்தின் மதிப்புக்கு உலோகமும் அதற்குள் இருந்தாக வேண்டும். வெள்ளியின் மதிப்புக்குச் செம்பை ஈடுகட்டினால் என்ன ஆகும்? 1644-இல் வெளியிட்ட 10 டேலர் 'நாணயம்' ஒன்றின் எடை 19.7 கிலோ. வட்டமெல்லாம் கிடையாது, சுமார் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தகடு, நாலு மூலையிலும் நடுவிலும் முத்திரை. அரசி கிறிஸ்டினாவின் பெயரில் வந்த அந்தக் காசைக் கொடுத்து மாடு வாங்க வேண்டுமானால், காசை இழுக்கவே முதலில் ஒரு மாடு வேண்டும்.

நல்ல விஷயமும் ஒன்று உண்டு: பிக்பாக்கெட் தொழில் அடியோடு படுத்திருக்கும்.

இந்த அவஸ்தையிலிருந்துதான் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு பிறந்தது. யோகன் பால்ம்ஸ்ட்ருக் என்பவர் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கி திறந்தார். ஏற்கெனவே ஆம்ஸ்டர்டாமில் கடனுக்காகச் சிறைக்குப் போய்வந்த அனுபவசாலி. அவரை நம்பி வங்கி கொடுத்திருக்கிறார்கள். 1660-இல் அரசு தகடுகளின் எடையைக் குறைத்ததும், பழைய கனத்த தகட்டைப் போட்டிருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். உருக்கி விற்றால் லாபமாயிற்றே. பால்ம்ஸ்ட்ருக் 1661-இல் காகிதத்தை நீட்டினார்: தகடு உள்ளே பத்திரமாக இருக்கிறது, நீங்கள் இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். முதுகு வலியில் இருந்த மக்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். தாளுக்கு மையும் கையெழுத்தும் போதும், சுரங்கம் வேண்டாம் என்று அவருக்குப் புரிந்த கணத்தில் விஷயம் கைமீறியது. உள்ளே இருந்த செம்புக்கு மேல் வெளியே தாள் போனது. 1664-இல் வங்கி கவிழ்ந்தது. 1668-இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். அதே வருடம் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் தொடங்கிய வங்கிதான் இன்றைய சுவீடன் மத்திய வங்கி. உலகிலேயே பழைய மத்திய வங்கி அது. பணவியல் கொள்கையின் மூல காரணம் இடுப்புப் பிடிப்பு என்று எந்தப் பொருளாதாரப் பாடநூலும் எழுதுவதில்லை.

பெரியவருக்கு ஓர் அடிப்படைக் குணம் உண்டு. அவருக்குக் கூட்டாளி சேராது. இதை பிரிட்டிஷ் கடற்படை காசு செலவழித்துத் தெரிந்துகொண்டது. மரக்கப்பலின் அடியைக் கடற்புழு துளைக்கும், கொட்டலசு கூட்டமாக ஒட்டி வேகத்தைக் கெடுக்கும். 1761-இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். புழு அண்டவில்லை, கொட்டலசு ஒட்டவில்லை. அபாரம் என்று கப்பலை மேலே ஏற்றிப் பார்த்தால், தகடு பளபளவென்று இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை வேலைக்காரர்கள் அங்கங்கே கிழிக்காமல் அப்படியே வைத்து அடித்திருக்கிறார்கள். காகிதம் நடுவில் இருந்த இடத்தில் இரும்பு பிழைத்தது. சோம்பேறித்தனத்தால் நடந்த அறிவியல் கண்டுபிடிப்புகளில் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுக்கலாம்.

இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர்: அதற்குப் பெயர் பேட்டரி. வோல்ட்டா பேட்டரி செய்ய இன்னும் சுமார் 40 வருடம் இருக்கிறது. அதற்குள் கடற்படை கப்பல் சைஸில் ஒன்றைச் செய்து மிதக்கவிட்டிருந்தது.

பிறகு ஆணியையும் செம்புக் கலவையில் செய்து சமாளித்தார்கள். ஆனாலும் தகடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதே என்ற கவலை. 1823-இல் வேதியியலாளர் சர் ஹம்ப்ரி டேவியிடம் போனார்கள். அவர் உடனே மருந்து சொன்னார்: செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வையுங்கள், அது கரைந்து செம்பைக் காப்பாற்றும். 'சமராங்' என்ற கப்பலில் வைத்தார்கள். டேவி சொன்னபடியே செம்பு ஒரு குண்டுமணிகூடக் கரையவில்லை. கப்பல் திரும்பி வந்தபோது அடியில் ஒரு முழுக் கடற்கரையே ஒட்டியிருந்தது. விஷயம் இதுதான்: செம்பு கொஞ்சமாகக் கரைந்து நஞ்சாகக் கசிவதால்தான் கடல் பூச்சிகள் அதை அண்டவில்லை. அதன் சாவைத் தடுத்தால் அதன் வேலையும் நின்றுவிடும். டேவியின் மேதைமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். கேள்விதான் தப்பு.

இதே டேவிதான் நம் பொடியனுக்கும் பெயர் வைத்தவர். 1808-இல் மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயரை மட்டும் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். 1825-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டினார். 1827-இல் ஜெர்மனியின் வோலர் கொஞ்சம் சுத்தமான தூள் எடுத்தார். அதை உருண்டை என்று சொல்லும் அளவுக்குக் கொண்டுவர அவருக்கு 1845 வரை பிடித்தது. அந்த உருண்டையும் குண்டூசித் தலை சைஸ்.

பிரான்சில் 1854-இல் செயின்ட் கிளேர் டெவில் என்ற வேதியியல் பேராசிரியர் சோடியத்தை வைத்து ஓரளவு மலிவான வழி கண்டுபிடித்ததும், பொடியனுக்கு ராஜயோகம் அடித்தது. மூன்றாம் நெப்போலியன் காதில் விஷயம் விழுந்தது. வெள்ளி மாதிரி மின்னும், ஆனால் தூக்கினால் எடையே தெரியாத உலோகம்! உடனே படைவீரர்களுக்கு அதில் கவசம் செய்து கொடுக்கலாம் என்று மன்னர் கனவு காணத் தொடங்கினார். டெவிலுக்குப் பணம் போனது. 1855 பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டியை வைத்து, களிமண்ணிலிருந்து வந்த வெள்ளி என்று காட்டினார்கள். கூட்டம் வரிசையில் நின்று பார்த்தது. காலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்கத்தான் வரிசை.

அடுத்த வருடம் பட்டத்து இளவரசன் பிறந்தான். அவனுக்கு அலுமினியத்தில் கிலுகிலுப்பை. விருந்தில் முக்கிய விருந்தாளிகளுக்கு அலுமினிய முள்கரண்டி, மற்ற சாதாரணப் பிரபுக்கள் தங்கத்தில் சாப்பிட்டுத் தொலைய வேண்டியதுதான் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த விருந்தில் தங்கக் கரண்டி கிடைத்தவர் முகத்தை நினைத்துப் பார்க்கவே அந்தக் கதையை நான் நம்பத் தயார். கவசம் மட்டும் வரவே இல்லை. 1870-இல் செடானில் பிரஷ்யப் படையிடம் மன்னர் பிடிபட்டபோது, எதிரி கையில் க்ரூப் கம்பெனியின் எஃகுப் பீரங்கிகள் இருந்தன. இவர் வீட்டில் ஒரு கிலுகிலுப்பை இருந்தது.

அமெரிக்கா மட்டும் சளைத்ததா? வாஷிங்டன் நினைவுத் தூணை 1848-இல் தொடங்கினார்கள். நடுவில் காசு தீர்ந்து, உள்நாட்டுப் போர் வந்து, இழு இழு என்று இழுத்து 1884-இல் முடிக்கும் நேரம். உச்சியில் இடிதாங்கியாக ஒரு சின்ன உலோகப் பிரமிடு வேண்டும். பொறியாளர் கேசி, செம்பிலோ வெண்கலத்திலோ பித்தளையிலோ செய்து மேலே பிளாட்டினம் முலாம் பூசித் தர முடியுமா என்று பிலடெல்ஃபியாவின் ஃப்ரிஷ்மத் என்பவரிடம் கேட்டார். எதற்கு அந்தப் பழசெல்லாம், அலுமினியத்தில் வார்த்துத் தருகிறேன் என்றார் அவர். கல்லில் பச்சைக் கறை வழியாது, நிறமும் மங்காது. பெரியவருக்குக் கிடைக்க வேண்டிய உச்சிப் பதவி, முதல் முறையாகப் பொடியன் கைக்குப் போனது. நூறு அவுன்ஸ், அதாவது 3 கிலோவுக்கும் குறைவு. 75 டாலர் ஆகும் என்று சொல்லிவிட்டு, 250-க்கு மேல் பில் போட்டார் ஃப்ரிஷ்மத். இழுபறிக்குப் பிறகு 225-இல் முடிந்தது. ஒப்பந்ததாரர்கள் விஷயத்தில் அமெரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் தேட வேண்டாம்.

மேலே ஏற்றுவதற்கு முன் அதை நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடையில் பார்வைக்கு வைத்தார்கள், தரையில். ஏன் தரையில் என்றால், வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியைத் தாண்டிக் குதித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள மக்கள் வரிசையில் வந்து குதித்தார்கள்.

இரண்டே வருடம். 1886 பிப்ரவரி 23 அன்று, ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் ஊரில், வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில், சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற 22 வயதுப் பையன் தானே செய்த பேட்டரிகளை வைத்துக்கொண்டு பொடியனை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டான். கல்லூரியில் வாத்தியார் ஜூவெட், இந்த உலோகத்தை மலிவாக எடுப்பவன் பெரும் பணக்காரனாவான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார். எல்லா வாத்தியார்களும் இப்படி எதையாவது சொல்வார்கள், பையன் நம்பிவிட்டான். தந்திரம் இதுதான்: அலுமினிய ஆக்சைடை உருக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கினால் அது அதில் கரைந்துவிடும், ஆயிரம் டிகிரி பக்கத்திலேயே. அந்தக் குழம்பில் மின்சாரம் பாய்ச்சினால் அடியில் அலுமினியம் வந்து தேங்கும். கரிக்கும் துருத்திக்கும் மசியாத ஆசாமி கரண்டுக்கு மசிந்தான்.

சில வாரத்திலேயே பிரான்சில் பால் எரூ என்பவர் அப்பாவின் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் இருந்துகொண்டு இதே வழியைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருக்கும் 23 வயதுதான். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள், இருவரும் 1914-இல் இறந்தார்கள். ஒரு கதாசிரியர் இப்படி எழுதினால் எடிட்டர் திட்டி அனுப்புவார். அமெரிக்காவில் முந்தியது யார் என்ற வழக்கு வந்தபோது ஹாலுக்குக் கைகொடுத்தது அக்கா ஜூலியா. அதே கல்லூரியில் வேதியியல் படித்து, கொட்டகையில் கூடவே நின்று, நடந்ததை எல்லாம் தேதியோடு நினைவு வைத்திருந்தவர். வழக்கில் சாட்சி அக்கா, கம்பெனியில் பங்கு தம்பிக்கு. ஹாலுக்கு ஓபர்லினில் சிலை வைத்திருக்கிறார்கள், அலுமினியத்தில்தான். லேசாக இருந்ததால் மாணவர்கள் அதை ராத்திரியோடு ராத்திரியாக வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்து விளையாட, கடைசியில் கருங்கல்லில் இறுக்கிவிட்டார்கள்.

விலை சரிந்தது. வெள்ளிக்கு நிகராக விற்றது 1890-களின் நடுவில் பவுண்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உலோகத்தில் ஒரு அணுகூட மாறவில்லை என்பதை கவனியுங்கள். அதே மினுமினுப்பு, அதே லேசு. மன்னரின் மேஜையிலிருந்து ஜெயில் தட்டுக்கு இறங்க ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. மனிதனின் மரியாதை பொருளுக்குக் கிடையாது, அதை எடுக்கப் படும் பாட்டுக்குத்தான். பாடு குறைந்தால் மரியாதையும் குறையும்.

பெரியவருக்கும் அதே 1886-இல் கடைசிப் பெரிய விழா. அக்டோபரில் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலை திறப்பு. 2.4 மில்லிமீட்டர் செம்புத் தகட்டில் சேலை, உள்ளே ஈஃபிலின் இரும்பு எலும்புக்கூடு. செம்பும் இரும்பும் உப்புக் காற்றும்! கப்பல் கதை ஈஃபிலுக்குத் தெரியும். நடுவில் அரக்கில் நனைத்த கல்நார் வைத்துப் பிரித்திருந்தார். சில பத்தாண்டில் அது மக்கிப்போய், தேவி உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கினாள். 1986-க்குள், தகட்டை ஒட்டித் தாங்கிய இரும்புப் பட்டைகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டியதாயிற்று. நடுவில் 1906 வாக்கில், சிலை பச்சையாகிறதே, பெயின்ட் அடித்துவிடலாமா என்று அரசாங்கம் யோசித்தது. பொதுமக்கள் கூச்சல் போட்டுக் காப்பாற்றினார்கள். நம் ஊராக இருந்தால் அடித்திருப்பார்கள், கட்சிக் கலரில்.

பொடியன் சென்னைக்கு வந்தது 1898-இல். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கப் பயிற்சி தொடங்கினார். செம்பிலும் பித்தளையிலும் கைதேர்ந்த கன்னார்கள் இருக்கிற ஊர். கையில் உலோகம்தான் மாறியது. நம் அடுக்களையில் பெரியவர் அதற்கு முன்பே அதிகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். புளி பட்டால் பச்சை பூத்து வயிற்றைக் கலக்குவார், அதனால் ஈயம் பூச வேண்டும், பூசினது தேயும், திரும்ப ஈயம் பூசுகிறவர் தெருவில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அலுமினியம் லேசு, மலிவு, ஈயம் வேண்டாம். புளி அதையும் கொஞ்சம் அரிக்கும் என்பதைச் சொல்லாமல் விற்றார்கள். பாத்திரக்கடைக்காரர்கள் சொல்லாமல் விட்டதில் இது சின்ன விஷயம். சீர்வரிசையில் மட்டும் கடைசி வரை அலுமினியத்துக்கு இடமில்லை. பெண்ணோடு அலுமினிய அண்டா வந்தால் சம்பந்தி முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது மார்க் போட்டுவிடலாம். மின்சாரம் கடத்துவதில் செம்பு 100 என்றால் அலுமினியம் 61. பெரியவர் மீசையை முறுக்கிக்கொள்வார். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 9 கிராம், அலுமினியம் 2.7 தான். அதே கரண்டைக் கொண்டுபோக அலுமினியக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் போதும், எடை பாதிதான் வரும். விலையும் கிலோவுக்குச் செம்பைவிடக் குறைவுதான். ஆகவே கோபுரத்துக்குக் கோபுரம் தொங்குகிற உயரழுத்தக் கம்பிகள் பெரும்பாலும் நடுவில் எஃகு நரம்பு வைத்த அலுமினியம். இடம் குறுகலான மோட்டார் சுருளில், வீட்டுச் சுவருக்குள் செம்பு. வெப்பம் கடத்துவதிலும் பெரியவரே முன்னால். கிருமியைக் கொல்வதிலும் அவர்தான். செம்புப் பரப்பில் பல பாக்டீரியாக்கள் சில மணி நேரம்கூடத் தாங்காது என்பது ஆய்வில் நின்ற உண்மை. அதற்காகச் செம்புக் குடத்துத் தண்ணீர் மூட்டுவலி முதல் முன்கோபம் வரை தீர்க்கும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்புவதை எல்லாம் பெரியவர் கணக்கில் எழுதக் கூடாது. திருடர்கள் சபையில் போட்டியே இல்லை: வயல் மோட்டாரின் செம்புச் சுருளுக்குக் காயலான் கடையில் கிடைக்கிற மரியாதை அலுமினியத்துக்குக் கிடையாது.

பெரியவருக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர் சாட்சி. குண்டு, தோட்டா, கம்பி எல்லாவற்றுக்கும் செம்பு தேவைப்பட்டதால், 1943-இல் அமெரிக்கா ஒரு சென்ட் காசையே துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் பிரிக்கும் ராட்சதக் காந்தங்களுக்குச் சுருள் சுற்றச் செம்பு இல்லை. கர்னல் நிக்கல்ஸ் கருவூலத்துக்குப் போய் ஆறாயிரம் டன் வெள்ளி கடன் கேட்டார். அங்கிருந்த அதிகாரி, இங்கே நாங்கள் வெள்ளியை டன்னில் பேசுவதில்லை, அவுன்ஸில்தான் பேசுவோம் என்று திருத்தினாராம். உலகம் பற்றி எரிந்தாலும் கருவூல அதிகாரிக்கு அளவை முக்கியம். கடைசியில் 14,000 டன்னுக்கு மேல் வெள்ளி போனது, 1970-இல் கடைசிக் கட்டி திரும்பி வந்தது.

இவ்வளவு போட்டிக்கு நடுவில், இருவரும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் வேடிக்கை. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியது. மெக்கானிக் சார்லி டெய்லர் செய்த அந்த எஞ்சினின் உடம்பு அலுமினியம், அதில் சுமார் 8 சதவீதம் செம்பு. சில வருடம் கழித்து ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், 4 சதவீதம் செம்பும் துளி மக்னீசியமும் சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கி, தண்ணீரில் நனைத்து, சோதித்துவிட்டு வார விடுமுறைக்குப் போனார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அதே துண்டு இன்னும் கடினமாகியிருந்தது. விடுமுறை எடுத்து உருப்பட்ட ஒரே தொழிலாளி. அதுதான் டூராலுமின், செப்பலின் வான்கப்பல்களில் தொடங்கி, விமானத் தொழிலே அதன் முதுகில் ஏறிப் பறந்தது. உருக்கிக் கலந்தால் இவ்வளவு ஒற்றுமை. தனித்தனியாக நிற்கவைத்துத் தோளோடு தோள் ஒட்டவைத்தால்தான் வெட்டுக்குத்து.

அதை அமெரிக்கா வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பார்த்தது. 1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியதும், 1965-க்கும் 1973-க்கும் இடையில் லட்சக்கணக்கான வீடுகளில் அலுமினிய வயர் இழுத்தார்கள். வயர் மேல் குற்றமில்லை. சுவிட்சிலும் பிளக்கிலும் திருகாணியைச் சந்திக்கிற இடத்தில்தான் வினை. அலுமினியம் காற்றுப் பட்ட நொடியில் மேலே ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். பாத்திரத்துக்கு அது கவசம், மின் இணைப்புக்கு அது தடை. சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறினால் சுருங்கும், திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி வழிந்துகொடுக்கும். இணைப்பு தளரும், சூடாகும், தீப்பிடிக்கும். பல குடும்பங்கள் இதை ராத்திரியில் தெரிந்துகொண்டன.

நம் ஊரிலும் பல வீடுகளில் மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை வருவது அலுமினியம், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடுவது செம்பு. எங்கோ ஓரிடத்தில் இருவரும் சந்தித்தே ஆக வேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பி இரண்டையும் கையால் முறுக்கி, டேப்பைச் சுற்றி, 'ஒண்ணும் ஆகாது சார்' என்று சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினால், அவரைத் திரும்ப ஏற்றுங்கள். நடுவில் பைமெட்டல் லக் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், பெரிய செலவில்லை.